சின்னவிரல் இளவரசர் ராதோய்

பெலோபிரெக் கடற்கரையில் யார் எதை வேண்டுமானாலும் தொலைக்கலாம். அதற்கு யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கண்டெடுப்பதற்குத்தான் அனுமதி வேண்டும்.

ராதோய் இதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு பேர் ஏற வேண்டிய லிஃப்டில் நாலு பேர்தான் ஏற வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் கத்திக் கத்தி, எந்த விதிக்குப் பின்னாலும் அறுந்துவிடக்கூடிய ஒரு கம்பி இருக்கும் என்று நம்பிப் பழகிவிட்டார். ஓய்வு பெற்றதும் பொழுதுபோக்காக, மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் கூவும் டிடெக்டர் ஒன்று வாங்கினார். கோடைக் கூட்டம் கலைந்து, கடல் கொந்தளித்து மணலை வாரிக்கொண்டு போன மறுநாள் காலையில், காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மணலைத் தடவித் தடவி நடப்பார். கிடைப்பதெல்லாம் பீர் மூடி, கூடாரத்து முளை, எப்போதாவது செல்லாத லெவாக் காசு. அந்த அற்ப சந்தோஷத்துக்கும் அரசாங்கம் ஓர் ஆணையம் வைத்தபோது, ஊரிலேயே முதல் ஆளாகப் போய்க் கருவியைப் பதிவு செய்து, முத்திரைச் சீட்டை ஒட்டிக்கொண்டு வந்தவர் அவர்தான்.

அதன் முழுப்பெயர் கடற்கரை மண்ணடி மரபுக் காப்பு ஆணையம். மணலுக்கு அடியில் இருக்கும் உலோகம் அத்தனையும் மரபு. மணலுக்கு மேலே கிடப்பது குப்பை. அது நகராட்சியின் பாடு. ஒரே பீர் மூடி காற்றடித்து மூடினால் மரபாகும், மழை பெய்து வெளுத்தால் குப்பையாகும். இரண்டு அலுவலகங்களுக்கும் இதில் பல ஆண்டுகளாகக் கடிதப் போக்குவரத்து நடக்கிறது.

போன செப்டம்பரில் ராதோயின் மனைவி எலிட்சா அந்தக் கடற்கரையில் தன் கல்யாண மோதிரத்தைத் தொலைத்தாள். நோய் வந்து உடம்பு இளைத்து, விரலெல்லாம் குச்சியாகிவிட்டது. கடைசியாக ஒருமுறை கடலில் கால் நனைக்க வேண்டும் என்று அடம்பிடித்து வந்தவள், திரும்பிக் குடையடியில் உட்கார்ந்தபோது கையைப் பார்த்தாள். மோதிரம் இல்லை. அதன்பின் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். ஊர்ப்பேச்சை எல்லாம் கேட்டுக் கேட்டு நாக்கு கூராகிப்போனவள். நோயால் அந்த நாக்கை ஒன்றும் செய்ய முடியவில்லை.

"ஏய்யா ராதோய், ஊருல உள்ள தகரத்தையெல்லாம் தோண்டிக்கிட்டு வர்றியே, பொண்டாட்டி மோதிரம் மட்டும் உன் மிஷினுக்குக் கேக்காதா?"

"கேக்கும். கடல் கொஞ்சம் வழி விடணும்."

"சீக்கிரம் விடச் சொல்லு. வெறுங்கையோட நான் போகமாட்டேன். அங்க எங்கம்மா நிப்பா. உன்னக் கட்டிக்கவே வேணாம்னு சொன்னவ. மோதிரம் இல்லாமப் போனா, ஓடிட்டானான்னு கேப்பா."

ராதோய் சிரித்தார். வராந்தாவுக்கு வந்து அழுதார்.

டிடெக்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரு சங்கடம் உண்டு. தங்க மோதிரமும் பீர் டப்பாவைத் திறக்கும் வளையமும் கருவிக்கு ஒன்றுதான்; இரண்டுக்கும் ஒரே குரல். அந்தக் குரல் கேட்டால் மற்றவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். ராதோய் அந்தக் குளிர்காலம் முழுக்க ஒன்று விடாமல் தோண்டினார். ஒரு பை நிறைய டப்பா வளையங்கள் சேர்ந்தன. விதிப்படி அவற்றையும் கொண்டுபோய் ஆணையத்தில் கொட்டினார்.

ஆணையத் தலைவர் பேராசிரியர் ஒக்னியானோவ் ஒரு வளையத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "காதணி" என்றார்.

"ஐயா, அது பீர் டப்பா வளையம்" என்றார் ராதோய்.

"நீங்க என்ன வேலை பாத்தீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்குங்க."

"மேல போறதும் கீழ வர்றதும் உங்க துறை. பின்னால போறது எங்க துறை."

ஆணையத்தின் அருங்காட்சியகம் அப்போதுதான் கட்டி முடிந்து, உள்ளே வைக்க ஒன்றுமில்லாமல் காற்றாடிக்கொண்டிருந்தது. ஒரு மாதத்துக்குள் கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டி வந்தது. 'கடலோடிக் குடியினரின் காதணிகள்.' பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து அவற்றைப் படம் வரைந்தார்கள். ராதோயின் கூட்டாளி மின்ச்சோ, முத்திரைச் சீட்டு இல்லாத கருவியோடு திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவன், அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "அண்ணே, எங்க தாத்தா காலத்துலேருந்து நம்ம குடும்பமே கடலோடிக் குடிதான் போல. தினம் ராத்திரி ரெண்டு காதணி திறக்கறோம்."

மார்ச் தொடக்கத்தில் ஒரு பெரும் புயல் அடித்தது. மறுநாள் காலை கடற்கரை ஓரிடத்தில் களிமண் தெரியும்வரை வழித்தெடுக்கப்பட்டிருந்தது. அங்கே கருவி கூவியது. வழக்கமான வளையத்தின் குரல்தான். ராதோய் மண்டியிட்டுத் தோண்டினார். கையில் வந்தது கனமாக இருந்தது.

உப்புநீரில் கழுவிப் பார்த்தார். உள்பக்கம் பொடி எழுத்தில் 'ராதோய் 78' என்றிருந்தது. பக்கத்திலேயே தங்கத்தின் தர முத்திரை, 583. பெண்ணின் மோதிரத்தில் ஆணின் பெயர், ஆணின் மோதிரத்தில் பெண்ணின் பெயர், கல்யாணம் நடந்த வருஷம். அந்த ஊரில் எந்த வீட்டு மோதிரத்தைக் கழற்றிப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும். ராதோயின் விரலில் இருந்ததில் 'எலிட்சா 78'.

மின்ச்சோ ஓடி வந்தான். பார்த்தான். முதலில் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான்.

"அண்ணே, சட்டைப் பையில போடு. நேரா ஆஸ்பத்திரிக்கு நட. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத."

"சீட்டு ஒட்டின மிஷின்டா இது. இன்னைக்கே காட்டணும்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"யோவ், உன் பொண்டாட்டி மோதிரம்யா!"

"அதத்தான் சொல்றேன். எம் பொண்டாட்டி மோதிரத்த நான் ஏன் திருடன் மாதிரி ஒளிச்சு வைக்கணும்? உள்ள பேரே இருக்கு. ஒரு முத்திரை குத்துவாங்க, அரை மணி நேரம். அப்புறம் நிமிந்து நடந்து போய்ப் போட்டு விடுவேன்."

விநாச காலே விபரீத புத்தி என்பார்கள். ராதோய்க்கு வந்தது விபரீத புத்தி அல்ல, நல்ல புத்திதான். அதனால்தான் அது இன்னும் மோசமாக முடிந்தது.

ஆணையம் கூடியது. எந்தக் கூட்டமும் கடந்த காலத்துக்கு மௌன அஞ்சலியோடுதான் தொடங்கும். எல்லோரும் எழுந்து நின்றார்கள், ராதோயும் நின்றார். பிறகு வெள்ளைக் கையுறை வந்தது. ஆணையத்திடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி. வலது கையுறையைப் பேராசிரியர் மாட்டிக்கொண்டார். இடது கையுறை எழுத்து நிபுணரான அம்மாளுக்கு. நாணய நிபுணருக்குக் கையுறை இல்லாததால், அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூக்கால் பார்த்தார். மூவர் மணிக்கட்டிலும், நோய்நொடி அண்டாதிருக்க மார்ச் மாதத்தில் ஊரே கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளை நூல் இருந்தது.

"பேரு?"

"ராதோய்ங்க."

"மோதிரத்துலயும் ராதோய்" என்றார் எழுத்து நிபுணர்.

"ஆமாங்க. நான்தான் அது."

"அப்ப மோதிரம் உங்களுது. போட்டுக் காட்டுங்க."

ராதோயின் விரல்கள் கம்பி இழுத்துத் தடித்தவை. மோதிரம் நகத்தைத் தாண்டவில்லை. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. நாணய நிபுணர் பின்னால் கட்டிய கையைப் பிரிக்காமலே, "பொய் உரிமை கோரல்" என்றார்.

"ஐயா, இது எம் பொண்டாட்டியோடது. எலிட்சாவோடது."

"மோதிரத்துல எலிட்சான்னு எங்க இருக்கு?"

"அவ மோதிரத்துல எம் பேருதாங்க இருக்கும். எம் மோதிரத்துல அவ பேரு. இந்தாங்க பாருங்க. ஏன், உங்க மோதிரத்தக் கழட்டிப் பாருங்களேன். வீட்டம்மா பேருதான இருக்கும்?"

மூவரும் தயங்கினார்கள். பேராசிரியர் கையுறையைக் கழற்றி, மோதிரத்தைக் கழற்றி, உள்ளே பார்த்தார். சட்டென்று மறுபடி மாட்டிக்கொண்டார். என்ன பெயர் இருந்தது என்று அவர் சொல்லவில்லை. எழுத்து நிபுணர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"உறுப்பினர்களோட சொந்த மோதிரம் இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்ல" என்றார் பேராசிரியர். "இப்ப இருக்கற பழக்கத்த வச்சு அந்தக் காலத்த அளக்கறது அறிவியல் ஆகாது."

"எந்தக் காலம்ங்க? எழுபத்தெட்டுல எங்க கல்யாணம். அந்த வருஷம் இதே ஊர்ல, மாதா கோவில் பக்கத்து நகைக்கடையில வாங்கினது."

"எழுபத்தெட்டு. வெறும் எழுபத்தெட்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரம்னு முன்னால எங்க போட்டிருக்கு?"

"இடமில்லங்க ஐயா. அவளுக்கு விரல் சின்னது."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. பேராசிரியரின் கண்கள் மெல்ல விரிந்ததை ராதோய் பார்த்தார். லிஃப்ட் கம்பி அறுவதற்கு முன் ஒரு சத்தம் வரும். அந்த அறையில் அது வந்தது.

"கிறிஸ்து பிறந்து எழுபத்தெட்டு" என்றார் பேராசிரியர். எழுந்து நின்றார். "நண்பர்களே, நம் எழுத்து ஒன்பதாம் நூற்றாண்டில்தான் பிறந்தது என்று உலகம் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. நாமும் அடக்கமாகக் கேட்டுக்கொண்டோம். இதோ, நம் எழுத்து! அதற்கும் எண்ணூறு ஆண்டுகள் முன்னால், நம் மண்ணில், தங்கத்தில்! உலகம் மரப்பட்டையில் கிறுக்கிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு ராதோய் தன் பெயரை மோதிரத்துக்குள் பொறித்துக்கொண்டான். வெளியே பொறிக்கவில்லை, உள்ளே! அதுதான் நம் இனத்தின் அடக்கம். இதை மறுப்பவர் யாராக இருந்தாலும், அவர் எந்த நாட்டுக் காசில் மறுக்கிறார் என்று நான் கேட்பேன்."

மறுக்க நினைத்திருந்த நாணய நிபுணர் நினைப்பை மாற்றிக்கொண்டார். ஆனாலும் தன் துறைக்கு ஏதாவது வேண்டுமே என்று, "பக்கத்துல 583ன்னு இருக்கே" என்றார்.

"அது தங்கத்தோட தரம்ங்க" என்று ராதோய் கத்திவிட்டார். "எந்த நகைக்கடையிலயும் கேளுங்க!"

"நகைக்கடைக்காரருக்கு ஓட்டு இல்ல" என்றார் எழுத்து நிபுணர்.

நெடுநேரம் விவாதித்து ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். மோதிரம் 78இல் ஓர் இளவரசருக்காகச் செய்யப்பட்டு, 583 வரை அவர் வம்சத்தின் பயன்பாட்டில் இருந்தது. இரண்டு துறைகளின் மானமும் காப்பாற்றப்பட்டது.

"ஐயா," என்றார் ராதோய். இப்போது அவர் குரல் இறங்கிவிட்டது. "அவ ஆஸ்பத்திரியில கிடக்கறா. நாளைக்கோ நாளன்னைக்கோ. நீங்க என்ன வேணா எழுதிக்குங்க. ஒரே ஒரு நாள் குடுங்க. அவ விரல்ல போட்டுக் காட்டிட்டுத் திருப்பிக் கொண்டாந்து தர்றேன். எம் மோதிரத்த அடமானமா வச்சுக்குங்க."

பேராசிரியருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. வருத்தப்படும்போது கையுறையைத் தடவிக்கொள்வது அவர் வழக்கம்.

"பெரியவரே, நான் மனுஷன் இல்லையா? எனக்குப் புரியாதா? ஆனா ஐந்நூறு வருஷம் இளவரசர் வம்சம் போட்ட மோதிரத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா, நாளைக்கு எல்லாப் பொண்டாட்டியும் கேப்பாங்க. வேணும்னா உங்க வீட்டம்மாவ இங்க கூட்டிக்கிட்டு வாங்க. விரலுக்குப் பொருந்துதான்னு ஆணையம் பாக்கும்."

"பொருந்தினா?"

"பொருந்தினாலும் அவங்க பேரு ராதோய் இல்லையே."

ராதோய் ஆஸ்பத்திரிக்குப் போனார். எலிட்சா கண்ணைத் திறந்தாள். அவள் மணிக்கட்டில் நர்ஸ் கட்டிவிட்ட சிவப்பு வெள்ளை நூல் தளர்ந்து தொங்கியது.

"முகத்தப் பாத்தா கிடைச்சிருச்சு போல?"

"கிடைச்சிருச்சு."

"எங்க, காட்டு."

"ஆணையத்துல இருக்கு."

"கடல்ல கிடந்தப்பவாவது திரும்பி வரும்னு இருந்தேன்" என்றாள்.

"நான் வாங்கிட்டு வந்துருவேன் எலிட்சா. அமைச்சகத்துக்கு எழுதியிருக்கேன்."

"நீ ஒரு நல்ல மனுஷன்யா" என்றாள் அவள். "அதான் எங்கம்மா வேணாம்னா." கையை நீட்டி அவர் விரலில் இருந்த மோதிரத்தைத் திருகிக்கொண்டே தூங்கிப்போனாள். அந்தத் தூக்கத்திலேயே போய்விட்டாள்.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன் ராதோய் அவள் மணிக்கட்டு நூலை அவிழ்த்து, வலது கை மோதிர விரலில் சுற்றி முடிச்சுப் போட்டார். பாதிரியார் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட்டார். 'அவ அம்மாகிட்ட என்ன சொல்லுவா?' என்பதுதான் ராதோயின் மனத்தில் ஓடியது. ஊர் வழக்கப்படி, புகைப்படம் போட்ட இரங்கல் தாளை வீட்டுக் கதவிலும் பஸ் நிறுத்தத்திலும் ஒட்டினார். ஆணையத்தின் கதவிலும் ஒன்று ஒட்டினார். அறிவிப்பு ஒட்ட அனுமதி பெறவில்லை என்று அதைக் கிழித்துவிட்டார்கள்.

அருங்காட்சியகத்தில் விழா நடந்தது. அமைச்சர் நாடாவை வெட்டினார். கீழ்த்தளத்தில் தனிப் பெட்டி, கறுப்பு வெல்வெட், மேலே விளக்கு: 'சின்னவிரல் இளவரசர் ராதோயின் மோதிரம்.' சிறிய விரல்கள் அந்த வம்சத்தின் அடையாளம் என்று எழுதியிருந்தது. விழாவில் பேராசிரியர் ராதோயின் பெயரையும் குறிப்பிட்டார். இளவரசரின் பெயரே கண்டெடுத்தவருக்கும் இருப்பது, மக்கள் மனத்தில் அந்த இளவரசர் எவ்வளவு ஆழமாக வாழ்கிறார் என்பதற்குச் சான்று என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

எலிட்சாவின் நாற்பதாம் நாள் பிரார்த்தனைக்குப் பிறகு ஒரு காலையில், ராதோய் கையில் சோப்பைத் தேய்த்துத் தன் மோதிரத்தைக் கழற்றினார். விரலைச் சுற்றி வெளுத்த தடம் இருந்தது. கடற்கரைக்குப் போய், அவள் மோதிரம் கிடைத்த அதே இடத்தில் அதைப் புதைத்தார். கருவியை எடுத்து மேலே தடவினார். கூவியது. தோண்டி எடுத்தார்.

மின்ச்சோ வாயைப் பிளந்தான். "அண்ணே, புத்தி கித்தி பிசகிப்போச்சா? இருக்கறதையும் கொண்டுபோய் அவனுங்ககிட்டக் குடுப்பியா?"

"குடுத்தா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைப்பாங்கல்ல" என்றார் ராதோய். "ஒரே இடம், ஒரே எழுத்து, ஒரே வருஷம். அவனுங்க எவ்வளவு முட்டாளா இருந்தாலும், ஜோடின்னு தெரியாதா?"

இந்த முறை ஆணையம் அவரை நாற்காலியில் உட்கார வைத்தது. கையுறைகள் வந்தன. 'எலிட்சா 78'. பேராசிரியர் மோதிரத்தைத் தன் கட்டைவிரலில் போட்டுப் பார்த்தார், அங்கேயும் தொளதொளத்தது. அவர் குரல் தழுதழுத்தது.

"என்ன ஒரு பொம்பள!" என்றார்.

ராதோய் எழுந்து, "ஐயா, ரெண்டும் ஜோடிங்க" என்றார். "அந்தப் பெட்டியிலேயே இதையும் வச்சிருங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"உணர்ச்சிவசப்படாதீங்க பெரியவரே. ஆணையம் முடிவு பண்ணும்."

ஆணையம் முடிவு பண்ணியது. மேல்மாடியில் புதிய கூடம் திறந்தார்கள். 'பெருங்கை எலிட்சா: ஆண்களைக் கையால் அடித்துக் கொன்ற வீராங்கனை.' இளவரசரின் சின்ன விரலையும் இவளுடைய கையையும் ஒரே பெட்டியில் வைப்பது பார்வையாளரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச்செல்லும் என்று குறிப்பில் பதிவானது.

ராதோய் முதல்முறை போனபோது, டிக்கெட் கொடுக்கும் பெண், "எந்த மாடி தாத்தா?" என்று கேட்டாள். "பென்ஷன்காரங்க டிக்கெட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு மாடிதான்."

"எலிட்சாவப் பாக்கணும்மா" என்றார் அவர்.

மேலே அனுப்பினாள். படியேறிப் போய்ப் பார்த்தால் வெல்வெட்டில் இருந்தது அவருடைய மோதிரம். சுற்றுலாக் கூட்டத்துக்கு வழிகாட்டி ஒருவன் வீராங்கனையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வயதான சீமாட்டி, "கீழ இருக்கற ராதோயும் இவங்களும் புருஷன் பொண்டாட்டியா இருந்திருப்பாங்களோ?" என்று கேட்டாள்.

வழிகாட்டி சிரித்தான். "அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் எப்படிம்மா பொருந்தும்? இவங்களுக்குள்ள எந்த சம்பந்தமும் இல்லன்னு ஆணையமே தீர்ப்பு சொல்லிருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ராதோய் வெறும் விரலைக் கோட்டுப் பைக்குள் மறைத்துக்கொண்டு இறங்கி வந்தார். கீழ்த்தள வாசலில் காவலாளி டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, நாளைக்கு வாருங்கள் என்றான்.

மறுநாள் வந்தார். அதே பெண், அதே கேள்வி.

"எந்த மாடி தாத்தா?"

அவர் சில்லறையை எண்ணி வைத்தார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பொறுமையிழந்து செருமினார்கள்.

"ராதோயப் பாக்கணும்மா" என்றார்.

"கீழ, வலது பக்கம். கண்ணாடியத் தொடாதீங்க."

கூடத்தில் யாரும் இல்லை. அவர் நெற்றி கண்ணாடியில் படப் பெட்டிமேல் குனிந்து, "எலிட்சா" என்றார். அபாய மணி அலறியது.